பக்கத்து ஸீட்

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஒரு நீண்ட கார்ப் பிரயாணத்தைப் பற்றி எழுதப் போகிறவன் இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது. எறையூரிலிருந்து கன்னியாகுமரி, அங்கிருந்து குவாலியர், திரும்ப எறையூர் என்று 2023 அக்டோபரில் பதினாறு நாட்கள் நான் போய்வந்தது முழுக்கப் பக்கத்து ஸீட்டில் உட்கார்ந்துதான். இலக்கியத்தில் இதற்கு முன்மாதிரி இல்லாமல் இல்லை. பி.ஏ. படிக்கும்போது ஜாக் கெரவாக்கின் 'ஆன் த ரோட்' (1957) என் கையில் கிடைத்தது. அந்தப் பிரயாணங்களில் வண்டியை விரட்டியவன் நீல் காஸடி. கெரவாக் பெரும்பாலும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். பிறகு 1951 ஏப்ரலில் மூன்றே வாரத்தில், ஒட்டி நீளமாக்கிய காகிதச் சுருளில் அதை டைப் அடித்தான். ஓட்டுகிறவன் எழுதுவதில்லை, எழுதுகிறவன் ஓட்டுவதில்லை என்ற இந்த வேலைப் பிரிவினையை அப்போது ஒரு ஸ்வாரஸ்யமான தகவலாகத்தான் எடுத்துக்கொண்டேன். அது என் வீட்டு விஷயம் என்று தெரியப் பதினைந்து வருஷம் ஆயிற்று.

சில வருஷங்களுக்கு முன் இந்தப் பத்திரிகையில் ஒரு பிரயாண நூலுக்கு மதிப்புரை எழுதியிருந்தேன். நூலின் பெயர் இப்போது வேண்டாம். ஊர்ப் பெயர், கிலோமீட்டர், தங்கிய இடம், சாப்பாட்டுச் செலவு என்று பட்டியலாகப் போகிற புத்தகம். 'இதில் பிரயாணம் இருக்கிறது, பிரயாணி இல்லை. தகவல் இருக்கிறது, அனுபவம் இல்லை' என்று முடித்திருந்தேன். நண்பர்கள் இரண்டு மூன்று பேர் போனில் கூப்பிட்டுச் சொன்னார்கள். அந்த வாக்கியம் எனக்கே பிடித்திருந்தது என்பதுதான் வாஸ்தவம். அனுபவம் என்ற சொல்லை நாம், அதாவது இந்தப் பக்கங்களில் எழுதுகிறவர்களும் படிக்கிறவர்களுமான நூறு நூற்றைம்பது பேர், ஒரு உரைகல்லாகக் கையில் வைத்துக்கொண்டிருக்கிறோம். கதையோ கவிதையோ எது வந்தாலும் அதில் தேய்த்துப் பார்க்கிறோம். பாங்கில் நகைக் கடனுக்கு வருகிற நகையை மதிப்பீட்டாளர் தேய்த்துப் பார்ப்பதை நான் தினமும் பார்க்கிறேன். அவர் தேய்ப்பதற்கு முன் கல்லையும் ஒருமுறை துடைத்துக்கொள்வார். நான் அதைச் செய்ததில்லை.

எறையூர் பெரம்பலூர் மாவட்டத்தில், திருச்சி–சென்னை நெடுஞ்சாலையிலிருந்து அதிக தூரமில்லாத ஊர். வெளியூர்க்காரர்களுக்கு அது ஒரு ஊராக அல்ல, ஒரு சர்க்கரை ஆலையாகத்தான் பழக்கம். 1970களின் பிற்பகுதியில் பொதுத்துறையில் வந்த பெரம்பலூர் சர்க்கரை ஆலை இங்கேதான் இருக்கிறது. அரவைப் பருவத்தில் கரும்பு டிராக்டர்கள் வரிசை கட்டி நிற்கும். சட்டையை அலசினாலும் கழிவுப்பாகின் வாடை போகாது. 2022 நவம்பரில் சிப்காட் தொழிற்பூங்காவைத் திறந்து, செருப்புத் தொழிற்சாலைக்கு அடிக்கல்லும் நாட்டினார்கள். நடக்கிறவர்களுக்கான தொழில் ஊருக்கு வந்துவிட்டது என்று நாங்கள் கிண்டல் செய்வதுண்டு.

ஆலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர் ஒருவர். எங்களுக்கு ஒருவகையில் பங்காளி முறை. சித்தப்பா என்று கூப்பிடுவேன். அவரிடம் 1994ஆம் வருஷத்து அம்பாஸடர் ஒன்று இருக்கிறது. டீசல் வண்டி, கியர் ஸ்டியரிங்குக்குக் கீழே. ஏலத்தில் எடுத்தபோது அது தானாக நகராது; மாட்டைப் போலக் கயிறு கட்டித்தான் கொண்டுவந்தார். எட்டு வருஷம் ஞாயிற்றுக்கிழமைகளில் அதன் அடியில் படுத்துக்கிடந்து சரி செய்தார். கார்களைப் பற்றிய செய்திகளை வெட்டி ஒட்டிய ஒரு பழைய லெட்ஜர் அவரிடம் உண்டு. அதிலிருந்து அவர் அடிக்கடி ஒப்பிப்பது, ஸாலூ சௌத்ரி – நீனா சௌத்ரி தம்பதியின் கணக்கு: 1989 செப்டம்பர் 9ஆம் தேதி டெல்லியில் கிளம்பி, இந்துஸ்தான் கான்டெஸாவில் ஆறு கண்டங்களைச் சுற்றி, நவம்பர் 17ஆம் தேதி டெல்லிக்கே திரும்பினார்கள். 69 நாள், 19 மணி, 5 நிமிஷம். அந்த ஐந்து நிமிஷத்தைச் சொல்லும்போது அவர் குரலில் ஒரு மாற்றம் வரும். அம்பாஸடரின் உற்பத்தி 2014 மே மாதம் உத்தர்பாராவில் நின்றதையும், 2017இல் அந்தப் பெயரை மட்டும் 80 கோடி ரூபாய்க்கு பேஜோ கம்பெனிக்கு விற்றதையும் சாவுச் செய்தி சொல்வதுபோலத்தான் சொல்வார். "பேர வித்துட்டானுவ தம்பி. பேரயா விக்கிறது?" என்பார்.

கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீர் வரை இந்த வண்டியில் போக வேண்டும் என்பது அவருடைய ஆசை. ஆசையில் ஒரு முட்டுக்கட்டை இருந்தது. டெல்லியிலும் அதைச் சுற்றிய தேசியத் தலைநகர் வட்டாரத்திலும் பத்து வருஷத்தைத் தாண்டிய டீசல் வண்டிகள் ஓடக்கூடாது என்று 2015இல் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டு, 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்திருந்தது. நாங்கள் கிளம்பிய சமயத்தில் அதுதான் நிலைமை. ஃபரீதாபாத்திலிருந்து பானிப்பட் வரை நெடுஞ்சாலை அந்த வட்டாரத்துக்குள்தான் போகிறது. அதாவது, அவருடைய வண்டி தேசத்தின் தலைநகருக்கு முன்னாலேயே நின்றாக வேண்டும். நான் இதைத் தயக்கத்துடன் எடுத்துச் சொன்னேன். அவருக்கு முன்பே தெரிந்திருந்தது. "குவாலியரோட திரும்பிடுவோம். ஊர்ல மட்டும் காஷ்மீர்னு சொல்லு. காஷ்மீர்னு சொன்னாத்தான் கிளம்ப முடியும்" என்றார். பிரயாணத்துக்கு ஒரு பொய்யான முடிவிடம் தேவைப்படுகிறது என்பதை இவ்வளவு சுருக்கமாக எந்த விமர்சகனும் சொல்லி நான் படித்ததில்லை.

அவர் உண்மையில் கூட்டிப்போக விரும்பியது என்னை அல்ல, அப்பாவை. அப்பா இருபத்தாறு வருஷம் லாரி ஓட்டினவர். ஆத்தூர் முதலாளி ஒருவரின் வண்டி. சேகோ மூட்டை ஏற்றிக்கொண்டு நாக்பூர், இந்தூர், கல்கத்தா என்று போவார். வரும்போது ஆரஞ்சோ பருப்போ கிடைத்த லோடு. நாங்கள் பள்ளிக்கூடத்தில் படத்தில் வண்ணம் அடித்த மாநிலங்கள் அவருக்கு டீக்கடைகள். ஆனால் ஒரு வண்டிகூட அவர் பெயரில் இருந்ததில்லை. மோட்டார் மீது பிரியம் என்பது வண்டி சொந்தமாக இருக்கிறவனுக்கு, அல்லது வண்டி ஓட்டுவது ஜீவனமாக இல்லாதவனுக்கு ஏற்படுகிற உணர்ச்சி என்றே எனக்குத் தோன்றுகிறது. சித்தப்பா வந்து, "அண்ணே, நீங்க பாதி நான் பாதி ஓட்டிக்கலாம். உங்களுக்குத் தெரியாத ரோடா" என்றபோது அப்பா திண்ணையில் முழங்காலை நீவிக்கொண்டிருந்தார். "சும்மா எதுக்குத் தம்பி அவ்வளவு தூரம்?" என்று கேட்டார். கிண்டல் இல்லை; அவருக்கு உண்மையிலேயே விளங்கவில்லை. லோடு இல்லாமல் ஒரு வண்டி வடக்கே போவதை அவரால் கற்பனை செய்ய முடியவில்லை.

ஆனால் மறுநாள் பரணில் ஏறச் சொல்லி ஒரு தகரப்பெட்டியை இறக்க வைத்தார். அதிலிருந்து ரெக்ஸின் அட்டை போட்ட, கையகலமுள்ள ஒரு நோட்டை எடுத்துச் சித்தப்பாவிடம் கொடுத்தார். "பழசுதான். இப்ப எல்லாம் பைபாஸ் போட்டிருப்பான். இருந்தாலும் வச்சுக்க." சித்தப்பா ஓட்டுகிறவர் என்பதால் நோட்டு என் மடிக்கு வந்தது. அப்பா எழுதிய எதையும் நான் அதற்கு முன் படித்ததில்லை. அவருக்கு எழுதும் பழக்கம் உண்டு என்பதே எனக்குத் தெரியாது.

வண்டிக்கு ஒத்திகையாகச் சாத்தனூர் கல்மரம் வரை போய்வந்தோம். 1940இல் புவியியல் துறை அறிஞர் எம்.எஸ். கிருஷ்ணன் உலகுக்கு எடுத்துச்சொன்ன மரம். 18 மீட்டருக்கு மேல் நீளம், கல்லாகிக் கிடக்கிறது. இந்தப் பக்கமெல்லாம் கடலாக இருந்த காலத்தில் எங்கிருந்தோ அடித்துக்கொண்டு வந்து சேற்றில் புதைந்தது. சுமார் பன்னிரண்டு கோடி வருஷம் என்கிறார்கள். சித்தப்பா மரத்தைப் பார்க்கவில்லை; பானெட்டைத் திறந்து தண்ணீர் சூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மரத்தைப் பார்த்துச் சில எண்ணங்களை எண்ணினேன். அவை எல்லோருக்கும் வருகிற எண்ணங்கள்தான்.

கன்னியாகுமரியில் ஆரம்பித்து ஸ்ரீநகர் வரை போகிற 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை 3,745 கிலோமீட்டர். மதுரை, சேலம், பெங்களூர், அனந்தபூர், கர்நூல், ஹைதராபாத், அதிலாபாத், நாக்பூர், சாகர், ஜான்சி, குவாலியர். வரைபடத்தில் பார்த்தால் இந்த ஊர்களில் பெரும்பாலானவை 78ஆம் தீர்க்க ரேகையை ஒட்டியே வருகின்றன என்பது விளங்கும். அந்த ரேகைக்கும் நமக்கும் ஒரு பழைய சம்பந்தம் உண்டு. 1802இல் வில்லியம் லாம்டன் பரங்கிமலைப் பக்கத்தில் அளவுகோல் சங்கிலியைத் தரையில் நீட்டிச் சுமார் ஏழரை மைல் அடிக்கோடு அளந்து ஆரம்பித்த நில அளவை, பிறகு இந்த ரேகையை ஒட்டித்தான் தெற்கு வடக்காக நீண்டது. அவருடைய தியோடலைட் கருவி அரை டன் எடை. 1808இல் தஞ்சாவூர்க் கோவில் கோபுரத்தின் மேல் அதை ஏற்றும்போது கயிறு அறுந்து மோதி நெளிந்துபோயிற்று. அவர் கூடாரத்தைச் சாத்திக்கொண்டு ஆறு வாரம் உட்கார்ந்து அதைத் தானே நிமிர்த்தினார். ஜான் கீயின் 'தி கிரேட் ஆர்க்' (2000) என்ற புத்தகத்தில் படித்த இதைத் திண்டுக்கல் தாண்டிச் சொல்லிக்கொண்டு வந்தேன். சித்தப்பா ஒரு கிலோமீட்டர் தூரம் பேசாமல் ஓட்டினார். பிறகு, "அவன் ஃபிட்டர்டா" என்றார். பிரயாணம் முழுவதிலும் என் படிப்புக்குக் கிடைத்த ஒரே மரியாதை அது.

மணிக்கு 60க்கு மேல் அவர் போகவில்லை. எல்லா வண்டிகளும் எங்களைத் தாண்டின. வலப்பக்கம் அவருடைய பிரயாணம் நடந்தது: எஞ்சினின் சத்தத்தில் ஏதோ மாறுகிறது, எந்தச் சக்கரத்திலோ காற்றுக் குறைகிறது, நிர்மல் தாண்டிய மலை ஏற்றத்தில் தண்ணீர் கொதித்துவிட்டது, அரை மணி நேரம் நிழலில் நிறுத்தி ஈரச் சாக்குப் போட்டது. ராத்திரி லாட்ஜில் அவற்றை எல்லாம் தன் லெட்ஜரில் சிவப்பு மையிலும் நீல மையிலும் எழுதுவார். லிட்டருக்கு எவ்வளவு, எந்த ஊர் டீசலில் புகை அதிகம், எந்த மெக்கானிக் ஸ்பானரைத் துடைத்துத் திருப்பி வைத்தான். எனக்கு அது ஒரு காதல் கடிதம் மாதிரி இருந்தது. இடப்பக்கம் நான் ஜன்னல் வழியாக இந்தியாவைப் பார்த்து உணர்ச்சிகொள்ள முயன்றுகொண்டிருந்தேன். கர்நூலுக்கு அப்பால் கரிசல், பருத்தி, பெயர்ப் பலகைகளில் எழுத்துக்கள் வட்டத்திலிருந்து கோட்டுக்கு மாறுவது. எல்லாவற்றையும் பார்த்தவுடன் ஒரு வாக்கியம் தயாராகிவிடுகிறது. வாக்கியம் தயாரானதும் பார்ப்பது நின்றுவிடுகிறது. ஓட்டுகிறவனுக்கு இந்தச் சௌகரியம் கிடையாது; அவன் பார்த்துக்கொண்டே இருந்தாக வேண்டும்.

தமிழில் கார்ப் பிரயாணத்துக்கு நல்ல எழுத்து இல்லாமல் இல்லை. சிட்டியும் தி. ஜானகிராமனும் சேர்ந்து எழுதிய 'நடந்தாய் வாழி காவேரி' (1971) இருக்கிறது. தலைப்பில் நடப்பது ஆறு. ஆசிரியர்கள் போனது பெரும்பாலும் காரில். ஆற்றின் வேகத்துக்கு வண்டியை இறக்கிக்கொண்டதுதான் அவர்களுடைய வெற்றி. ஏ.கே. செட்டியார் காந்தியைப் பற்றிய படத்துக்காக (1940) கண்டம் விட்டுக் கண்டம் அலைந்தவர். தன்னை எங்கேயும் முன்னால் நிறுத்திக்கொள்ளாமல் எழுதியவர். அவரை நாம் பெரிய உரைநடைக்காரராக எண்ணுவதில்லை; தகவல் எழுதுகிறவர் என்று ஒரு அலமாரியில் வைத்துவிட்டோம். சி.சு. செல்லப்பா புத்தக மூட்டையைச் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகப் போனார். அந்தப் பிரயாணங்களைவிட அவர் பேசியது கவிதையைப் பற்றித்தான். சொல்ல வருவது இவ்வளவுதான்: தான் போனதைப் பற்றிப் பேசாமல் இருப்பதும் ஒரு நடை. அதை இன்மை என்று படித்துப் பழகிவிட்டோம்.

அப்பாவின் நோட்டுக்கு வருகிறேன். பென்சிலில், நுணுக்கி எழுதியது. தேதி, ஊர், டீசல், டயர், சாப்பாடு, செக்போஸ்ட். நடுவில் ஒற்றை வரிக் குறிப்புகள்: இந்தக் கிணற்றுத் தண்ணீர் உப்பு. இந்த ஓட்டலில் கணக்கு ஒழுங்கு. இந்த இறக்கத்தில் பிரேக்கை நம்பாதே. சிவனிக்காடு – ரோடு மோசம், இரவில் வேண்டாம். கிப்ளிங்கின் மௌக்லி வளர்வது இந்தச் சிவனிக் காட்டில்தான். கல்லூரியில் அதற்கு நான் பதினைந்து மார்க் கேள்விக்கு விடை எழுதியிருக்கிறேன். அப்பா அதே காட்டுக்கு ஒரு வரிதான் கொடுத்திருந்தார். இரண்டில் எது அந்தக் காட்டைக் கடக்க உதவும் என்று கேட்டால் சங்கடம்தான்.

ஆறாவது நாள் காலை, மகாராஷ்டிரத்தில் ஹிங்கன்காட் நெருங்கிக்கொண்டிருந்தோம். 1823 ஜனவரியில் லாம்டன் செத்துப்போன ஊர். இருபது வருஷம் அளந்துகொண்டே வந்து, வேலை முடியாமல், எழுபது வயதை ஒட்டி, நாக்பூருக்குப் போகும் வழியில். அவருடைய கல்லறையைப் பார்க்க வேண்டும் என்று முன்பே சொல்லி வைத்திருந்தேன். நோட்டில் அந்த ஊரைப் பற்றி ஏதாவது இருக்கிறதா என்று புரட்டினேன். இருந்தது.

1998 ஜூலை. 17 ஹிங்கன்காட். பேரிங் அவுட். 18 அதே. எஸ்.டி.டி. 46. மொட்டை 10. 19 காலை வண்டி ரெடி. பகல் நாக்பூர், லோடு இறக்கம்.

இதைப் படிப்பதற்கு வாசகருக்குக் கொஞ்சம் பின்னணி தேவை. அந்த வருஷம் ஆடி பிறந்த அன்று, அதாவது ஜூலை 17ஆம் தேதி, என் அப்பாயி இறந்துபோனாள். அப்பா அவளுக்கு ஒரே பிள்ளை. ஆத்தூர் லாரி ஆபீஸுக்குச் சேதி சொல்லியாயிற்று. அப்பா எங்கே இருக்கிறார் என்று அவர்களுக்கே தெரியவில்லை. மறுநாள் பங்காளி ஒருவர் கொள்ளி வைத்தார். எனக்குப் பத்து வயது, நெய்ப்பந்தம் பிடித்தேன். அப்பா எட்டாம் நாள் வந்தார். மொட்டைத் தலையில் மயிர் முளைக்கத் தொடங்கியிருந்தது. சொந்தக்காரி ஒருத்தி வாசலிலேயே கத்தினாள்: "பெத்தவ பொணமாக் கெடக்கா, நீ திருப்பதியில மொட்டை போட்டுக்கிட்டு வர்றியா?" அப்பா, "வண்டி நின்னுபோச்சு" என்று மட்டும் சொன்னார். சேதி கிடைத்ததா இல்லையா என்ற கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. திருப்பதிக் கதை ஊரில் நின்றுவிட்டது. நானும் அதை நம்பினேன். நம்பினேன் என்பதுகூடச் சரியில்லை, அதன்மேல்தான் வளர்ந்தேன். அப்பாவிடம் பேசாமல் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்த பழக்கம் அங்கேதான் ஆரம்பித்தது என்று நினைக்கிறேன். அந்தப் பழக்கம்தான் கடைசியில் இந்தப் பத்திரிகை வரைக்கும் கொண்டுவந்து விட்டது.

46 ரூபாய் என்பது அன்றைய எஸ்.டி.டி. கட்டணத்தில் நீண்ட பேச்சு அல்ல. லாரி ஆபீஸுக்குத்தான் போட்டிருப்பார். சேதி அங்கே காத்துக்கொண்டிருந்தது. பிறகு பத்து ரூபாய் கொடுத்து மொட்டை அடித்துக்கொண்டிருக்கிறார். பிறகு லாரிக்கு அடியில் போய்ப் படுத்திருக்கிறார். சக்கரத்தைக் கழற்றிப் போட்ட வண்டியையும் பத்து டன் சேகோவையும் ஒரு கிளீனர் பையனையும் விட்டுவிட்டு எங்கே போவது? போனாலும் எத்தனாம் நாள் போய்ச் சேர்வது? இதெல்லாம் நான் இட்டு நிரப்புவது. நோட்டில் இவ்வளவு இல்லை. செலவு இருக்கிறது.

சித்தப்பாவிடம் நோட்டைக் காட்டினேன். அவர் வண்டியை ஓரம் கட்டி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். "எந்தப் பக்கத்துப் பேரிங்குன்னு எழுதலையே" என்றார். அவர் அழவில்லை, நானும் அழவில்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். ஊருக்குள் போனோம். லாம்டனின் கல்லறையைத் தேடவில்லை. அதற்குப் பதிலாக வேனா ஆற்றுப் பக்கம் வண்டியை நிறுத்திக்கொண்டு ஒரு மணி நேரம் இருந்தோம். மழைக்காலம் முடிந்திருந்தது; ஆற்றில் தண்ணீர் ஓடியது. கரையில் ஒருவன் எருமையைக் கழுவிக்கொண்டிருந்தான். அப்பா எந்தச் சலூனில் உட்கார்ந்தார், மொட்டைக்குப் பிறகு எங்கே குளித்தார், தெரியாத பாஷையில் அந்த நாவிதனிடம் என்ன சொல்லிப் புரியவைத்தார் என்பதற்கு அந்த ஊரில் எந்தத் தடயமும் இருக்க முடியாது. ஒரு வெள்ளைக்காரனின் சாவுக்கு அங்கே கல் உண்டு. அப்பாயியின் சாவுக்கு அங்கே பத்து ரூபாய் உண்டு.

இந்த இடத்தில் எனக்குள் இருக்கும் விமர்சகன் ஒரு ஆட்சேபணையை எழுப்புகிறான், அதை மறைக்கக்கூடாது. 'மொட்டை 10' என்ற வரி என்னை உலுக்கியது அந்த வரியின் சக்தியாலா, அல்லது எனக்குத் தெரிந்திருந்த பின்னணியாலா? வேறு ஒருவர் கையில் அந்த நோட்டு ஒரு செலவுக் கணக்குதான். அப்படியானால் அது எழுத்து அல்ல, ஆவணம். இந்த ஆட்சேபணை நியாயமானது. ஆனால் இதை அப்படியே திருப்பி என் மதிப்புரையின் மேல் வைத்துப் பார்க்கிறேன். நான் பட்டியல் என்று தள்ளிய அந்தப் புத்தகத்தில் எந்த வரிக்கு என்ன பின்னணி என்று எனக்குத் தெரியாது. தெரியாத இடத்தில் 'இல்லை' என்று எழுதினேன். பாங்கில் ஒரு கணக்கில் பதிவு இல்லையென்றால், பணம் கட்டவில்லை என்று வாடிக்கையாளரிடம் சொல்லிவிட மாட்டோம். சலானைப் பார்க்கிறோம், வவுச்சர் கட்டைத் தேடுகிறோம். விமர்சனத்தில் எனக்கு அந்தப் பொறுமை இருந்ததில்லை. எல்லாப் பட்டியலும் மகத்தானது என்று இதிலிருந்து கட்சி கட்ட வரவில்லை. மோசமான பட்டியல்கள் மோசமானவைதான். நான் அந்தப் புத்தகத்தை எந்தக் காரணத்துக்காகத் தள்ளினேனோ அந்தக் காரணம் செல்லாது என்பது மட்டும்தான் நான் சொல்வது.

நாக்பூருக்கு அப்பால் சிவனிக் காடு வந்தது. வருஷக்கணக்காக இழுத்துக்கொண்டிருந்த அந்தச் சாலை இப்போது நான்கு வழி. பெஞ்ச் புலிகள் காப்பகத்தை ஒட்டிய பகுதியில் காட்டு மிருகங்கள் கீழே நடந்துபோகச் சாலையைத் தூண்களின் மேல் தூக்கிக் கட்டியிருக்கிறார்கள். சத்தமும் வெளிச்சமும் கீழே போகாமல் இருபுறமும் தடுப்பு. காடு சரியாகத் தெரியவில்லை. சாகர், ஜான்சி தாண்டிக் குவாலியர் போய்ச் சேர்ந்தோம். மறுநாள் காலை சித்தப்பா நகரத்துக்கு வெளியே, ஆக்ரா போகும் சாலையில், ஒரு மைல்கல் வரைக்கும் ஓட்டினார். டெல்லியின் பெயரும் கிலோமீட்டரும் எழுதியிருந்தன. இறங்கி, அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தி என்னை ஒரு படம் எடுக்கச் சொன்னார். பிறகு ஏறி உட்கார்ந்து, கியரை மாற்றி, வண்டியைத் தெற்கே திருப்பினார். எனக்கு ஏதாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. "வண்டிக்கு வயசாச்சுன்னு சொல்றான். அவன் சொல்றதும் சரிதான், புகை வருதில்ல" என்று அவரே சொல்லிக்கொண்டார்.

நாங்கள் எறையூருக்குத் திரும்பியபோது மீட்டரில் 5,000 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாகக் கூடியிருந்தது. அம்மா முறத்தில் கம்பு புடைத்துக்கொண்டிருந்தாள். அவளிடம் முதலில் சொன்னேன், நோட்டைக் காட்டி. முறத்தைக் கீழே வைத்துவிட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தாள். "அப்பவே சொல்லித் தொலைச்சா என்ன" என்றாள். பிறகு புடைக்க ஆரம்பித்தாள். முன்னைவிட வேகமாகப் புடைத்தாள்.

அப்பா சாயங்காலம் டீக்கடையிலிருந்து வந்தார். சித்தப்பாவின் வண்டியை ஒருமுறை சுற்றிவந்து, முன் டயரைக் காலால் அழுத்திப் பார்த்தார். பதினாறு நாள் பிரயாணத்தைப் பற்றி அவர் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி.

"சிவனியில ரோடு முடிச்சிட்டானா?"

"முடிச்சிட்டாங்கப்பா. மேல தூக்கிக் கட்டியிருக்கான். மிருகம் கீழ போவுது, வண்டி மேல போவுது."

"ராத்திரியில போலாமா?"

"போலாம்."

தலையாட்டினார். நான் கொஞ்சம் பொறுத்து, "ஹிங்கன்காட்ல ஒரு மணி நேரம் நின்னோம்ப்பா" என்றேன்.

"பேரிங்கா?"

"இல்ல. சும்மாதான்."

என்னைப் பார்த்தார். நோட்டு என் கையில் இருந்ததையும் பார்த்தார். நான் படித்துவிட்டேன் என்பது அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். அவர் முகத்தில் என்ன தெரிந்தது என்று எழுத முயன்று மூன்று தடவை அடித்துவிட்டேன். இருட்டத் தொடங்கியிருந்தது.

"அதுல எழுதி வை" என்றார்.

"எதை?"

"சிவனிய. ரோடு ஆயிடுச்சுன்னு. ராத்திரி போலாம்னு."

"யாருக்குப்பா இனிமே?"

"போறவனுக்கு."

திண்ணையில் உட்கார்ந்து நோட்டைப் பிரித்தேன். பென்சில் இல்லை; சட்டைப் பையில் பாங்கு பேனாதான் இருந்தது. அவருடைய வரிக்குப் பக்கத்தில் இடம் கொஞ்சமாக இருந்தது. நுணுக்கி எழுத வேண்டியதாயிற்று. தேதி போட்டு, சிவனி – ரோடு முடிந்தது, இரவில் போகலாம் என்று எழுதினேன். அப்பா வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து வாசித்துவிட்டு, பெட்டியில் வைத்தார்.